பின்கதவு

தையல் கூடத்தின் மேற்பார்வையாளரான அவளிடம் தீ பாதுகாப்புப் பொறுப்பையும் ஒப்படைத்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. சினிமாவுக்குப் போனாலும் வெளியேறும் வழியைத்தான் முதலில் தேடுவாள். "நீ படம் பாக்க வந்தியா, கதவு பாக்க வந்தியா?" என்று கணவன் கேலி செய்வான்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது கூடத்தின் பின்கதவு. அதை மறைத்துத் துணி மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. எப்போது சொன்னாலும் மேனேஜர், "நாளைக்கு எடுத்துடலாம்மா" என்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாப்பாட்டு இடைவேளையில் தையல்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவளே மூட்டைகளை வெளியே கொட்டகைக்கு இழுத்துப் போட்டாள். மேனேஜர் குதித்தார்.

"துணி நனைஞ்சா யாரு பொறுப்பு?"

"நனைஞ்சா காய வைக்கலாம் சார். எரிஞ்சா என்ன பண்றது?"

அடுத்த வாரம், முன்வாசலை ஒட்டிய இஸ்திரி மேசையில் வயர் பொசுங்கித் தீப்பிடித்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லோரையும் பின்கதவு வழியே விரட்டினாள். வெளியே தலைகளை எண்ணினால் மேனேஜரைக் காணோம். கதவருகே ஓடினாள். புகைக்குள் அவர் கம்ப்யூட்டரைத் தூக்க முடியாமல் தூக்கி வந்துகொண்டிருந்தார்.

"அதக் கீழ போடுங்க சார்! குனிஞ்சு என் சத்தம் வர்ற பக்கம் வாங்க!"

போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தார். தீயணைப்பு வண்டி வந்து நெருப்பை அணைத்தது. இருமிக்கொண்டே மேனேஜர் அவளிடம் தண்ணீர் நீட்டினார். எல்லோரும் கண்ணெதிரே நின்றும் அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள்.