மிளகைப் பன்னிரண்டால் பெருக்கியவன்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கணக்கு வாத்தியாரான நான் போட்ட ஒரு பெருக்கலால், ஒருவருடைய இதய ஆபரேஷன் நின்றுபோகப் பார்த்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்த புதிது. வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்தில் ஜாகை. பக்கத்து வீட்டு மிளகு விவசாயிக்கு இதயத்தில் அடைப்பு. பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமைக்கு, சேலத்தில் ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். அரசு காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. ஆனால் அட்டையைப் புதுப்பிக்கப் புது வருமானச் சான்று வேண்டுமாம். அவர் மனைவி விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். மாதாமாதம் சம்பளம் வாங்கியே பழகிய மூளை எனக்கு. பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டு வருமானம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மிளகு வருடத்துக்கு ஒரு முறைதான் காசாகும் என்பது உறைக்கவேயில்லை. விசாரிக்க வேண்டிய வி.ஏ.ஓ.வும், வாத்தியார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சான்று வந்ததும் அந்த அம்மாவோடு நாமக்கல்லுக்கு இறங்கினேன்.

"இத்தனை வருமானம் இருக்கறவங்களுக்கு அட்டை கிடையாதுங்க" என்றார் காப்பீட்டு அட்டை கவுன்ட்டரில் இருந்த பெண்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சார், இது யாரு வருமானமுங்க?"

பழைய சான்றை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். மலையேறினால் சர்வர் இல்லை. சர்வர் வந்தபோது கரண்ட் இல்லை. இரண்டும் வந்தபோது வி.ஏ.ஓ. கூட்டத்துக்குக் கீழே போயிருந்தார். ரத்துக்கான காரணத்தை ஒரு பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் 'வாத்தியாரின் முட்டாள்தனம்' இல்லை. ஒருவரைப் பணக்காரராக்க எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஏழையாகவே இருப்பவர், இன்னும் ஏழைதான் என்று நிரூபிக்க ஒரு வாரம் அலைந்தோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வி.ஏ.ஓ. அகப்பட்டார். "உங்க ஊர்ல மாசாமாசம் மிளகு காய்க்குதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தார். புதன்கிழமை புதுச் சான்றோடு மறுபடி நாமக்கல்லுக்கு ஓடினோம்; மதியம் அட்டை உயிர்பெற்றது. மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

என் சம்பளச் சீட்டை வைத்து அடுத்தவர் பிழைப்பை அளந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் யார் படிவம் நீட்டினாலும், பேனாவைத் திறக்குமுன் நாலு கேள்வி கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போனேன். அடுத்த முறை அட்டையைப் புதுப்பிக்கும்போது என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். நெஞ்சைப் பிடித்தபடி மெல்லச் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். அன்னிக்கு மட்டும் நீங்க ஊட்டுலயே இருந்துக்கோங்க."