டெட்ராவைத் தின்னாத ஆரல்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு டெட்ரா மீன்கள், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம்கூட இருக்காது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த பிறகு என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்ப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர்தான் மனசு வைக்கவில்லை.

ஒருநாள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பாம்பு மாதிரி நீண்ட மீன், வால் பக்கம் கண் கண்ணாகப் புள்ளிகள். இது வேண்டும் என்று விரலால் தட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாளெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வந்து, அவரைத் துடைத்து, சோறூட்டி முடித்தால் கால் என் கால் மாதிரியே இருக்காது. இதில் மீன் வேறு. ஆனாலும் மாதக்கணக்கில் அவர் வாய்விட்டோ விடாமலோ கேட்டது இது ஒன்றுதான்.

காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் என் தம்பிக்குப் படத்தை அனுப்பினேன். போனிலேயே சிரித்தான்.

“இது நம்ம ஏரி ஆரல் ஜாதிதான் அக்கா. கொழம்பு வெக்கிறதப் போயி கடைல வாங்குறியா? மாமாவுக்கு ஒரு பக்கெட்டு நெறைய கொண்டாறேன்.”

“கொண்டாந்தா ஒன்னையும் சேத்து தொட்டில போடுவேன். எது எவ்ளோ வளரும்னு ஒனக்குத் தெரியுமா? டெட்ராவ முழுங்கிச்சின்னா மாமா மொகத்த நீயா பாப்ப?”

கடலூர் வண்ணமீன் கடையில் சிவப்புக் கோடு போட்ட ஆரல் ஒன்றைக் காட்டினார்கள். எவ்வளவு வளரும் என்று கேட்டேன். “தொட்டிக்கு ஏத்த மாதிரி வளரும்” என்றார் கடைக்காரர். பச்சைப் பொய். குட்டியே ஒரு சாண் இருந்தது.

வார லீவில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். இந்த ஜாதி காய்ந்த தீனியைத் தொடாது, பட்டினியில் கிடப்பதை நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்று படித்திருந்தேன். அதனால் தயிர் டப்பாவில் மண்புழு எடுத்துப் போனேன். கடையில் புள்ளி போட்டவை ஐந்து இருந்தன.

“எது திங்குதோ அதத்தான் எடுப்பேன்.”

“மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களாம்மா?” என்றார் அந்தக் கடைக்காரர்.

“பொண்ணு டெட்ராவத் தின்னாது. புழுவப் போடுங்க.”

நான்கு அசையவில்லை. ஒன்று மட்டும் மூக்கை நீட்டி நீட்டி வந்து இழுத்துக்கொண்டது. விரல் நீளம், ஊசி வாய், தோலில் புண் இல்லை. அதையே எடுத்தேன். கடைக்காரர் அதன் பிறகு ஒழுங்காகப் பேசினார். “கல்லு வேணாம், தோலக் கீறிடும். மணலு போடுங்க. மூடில சந்து விடாதீங்க, ஏறி வெளிய வந்துரும்.”

மணலை ஐந்து தண்ணீர் அலசிப் போட்டேன். விட்டதும் அது மணலுக்குள் புதைந்து காணாமல் போனது. இதற்கா இந்த அலைச்சல் என்று தோன்றியது. தினமும் காலையில் டெட்ராவை எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. நான்காம் நாள் பதினொன்று.

மூன்று முறை எண்ணிவிட்டு வலையை எடுத்தேன். கையை விட்டு மணலைக் கிளறினேன்.

“அத வுடு.”

குழறலாக வந்தது, ஆனால் புரிந்தது. திரும்பினேன். வீட்டுக்காரர்தான்.

“பில்டரு பின்னால பாரு. நேத்தே செத்துப்போச்சி. அது மேல ஏன் பழி போடுற? ஒனக்குக் கண்ணு எங்க?”

பில்டர் பின்னால்தான் ஒட்டியிருந்தது. ஒரு கடிகூட இல்லை.

“இவ்ளோ நாளு வாயில என்னா கொழுக்கட்டையா?” என்றேன்.

“நீ கேள்விதான் கேக்குற. சாப்புடுறியா, திரும்பிப் படுக்குறியான்னு. பேசவா செய்யிற?”

கோபம் வந்தது. வலையைக் கீழே வைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த மீன் எப்போது வெளியே வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று வார்த்தை வார்த்தையாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்று ஜவுளிக்கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். வாங்கிக்கொண்டேன்.