வீத்தோவின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய எண்

நெரெய்தாவைப் போலப் பயந்தவள் எங்கள் தீவின் காகுவாஸ் ஊரில் இன்னொருத்தி கிடையாது. வானம் லேசாகக் கறுத்தாலே ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். ஜூன் முதல் தேதி, புயல் காலம் பிறந்த அன்றே குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைப்பாள். நவம்பர் வரை அந்த வீட்டில் எல்லோருக்கும் வாளிக் குளியல்தான். லிஃப்டில் ஏற மாட்டாள். யாரையும் கையாட்டி வழியனுப்ப மாட்டாள். கார்ப் பந்தயக்காரர்களான நாங்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வோம், அதுவும் முகத்துக்கு நேராக. ஆனால் இஞ்செக்டர் வாங்க வேண்டுமென்றால் அத்தனை சூரர்களும் அவள் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்போம்.

இஞ்செக்டர் விரல் நீளமுள்ள ஒரு குழல். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீச்சுவது அதன் வேலை. ரொம்பப் பெரியதாகப் போட்டால் எஞ்சின் நின்ற இடத்திலேயே இருமிக்கொண்டு கிடக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சிறியதாகப் போட்டாலோ, முழு வேகத்தில் எஞ்சின் கேட்கிற அளவுக்கு அதனால் கொடுக்க முடியாது. உள்ளே சூடு ஏறிப் பிஸ்டன் உருகிவிடும். சரியான அளவைச் சொல்ல வேண்டுமானால் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் வியாதி அங்கேதான் இருக்கிறது. இந்தத் தீவில் எந்தப் பந்தயக்காரனும் தன் குதிரைக் கணக்கை உண்மையாகச் சொன்னதில்லை. எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பந்தயம் போச்சு என்று நினைப்பு. கட்டிய மனைவியிடம்கூட மறைப்போம்.

வீத்தோ அப்படித்தான் மறைத்தான்.

வீத்தோ நெரெய்தாவின் கணவன். அப்போது அவள் மருந்து ஆலையில் புட்டி நிரப்பும் பிரிவில் இருந்தாள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் புருஷனின் காருக்கு இஞ்செக்டர் அளந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அவன் அவளிடம் முந்நூற்றைம்பது குதிரை என்றான். உண்மையில் நானூற்றைம்பது. நெரெய்தாவின் தம்பி, எங்கள் எல்லோருக்கும் ஜென்ம எதிரியான பாப்போவின் அணியில் இருந்தான். மச்சினன் காதுக்குப் போய்விடக் கூடாது என்று பொண்டாட்டியிடமே பொய் சொன்னான் வீத்தோ.

பந்தயத்தில் ஜெயித்தான். கோட்டைத் தாண்டிய பிறகு பிஸ்டன் உருகி எஞ்சின் தீப்பிடித்தது. பெட்ரோலுக்குப் பதில் நாங்கள் ஊற்றுவது மெத்தனால் என்கிற சாராய எரிபொருள். பட்டப்பகலில் அதன் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. காரைவிட்டுக் குதித்த வீத்தோ இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். ஜெயித்த சந்தோஷத்தில் ஆட்டுகிறான் என்று நினைத்து, வேலி ஓரத்தில் நின்ற நெரெய்தாவும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

வீத்தோ பிழைத்துக்கொண்டான். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிப்போய்விட்டன. அதன் பிறகு அவள் ஆலை வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற கூடத்தில் நாலு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, இஞ்செக்டர்களை ஓடவிட்டு அளந்து விற்க ஆரம்பித்தாள். வாங்க வருகிறவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. எண்ணை அவளிடம் சொல்லக் கூடாது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வீத்தோவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

நானும் பிடித்தேன். எனக்கு ஐம்பது வயது, பெயர் எஃப்ராயின், புத்தி மட்டும் இன்னும் வரவில்லை. அந்தக் கை வழவழவென்று, ஆறிப்போன மெழுகு போல இருந்தது. என் எஞ்சின் எழுநூற்றறுபது குதிரை. நெரெய்தாவின் தம்பி இன்னும் பாப்போவிடம்தான் இருக்கிறான் என்பது என் மண்டைக்குள் ஓடிற்று.

"அறுநூறு" என்றேன்.

நெரெய்தா கணக்குப் போட்டு நாலு இஞ்செக்டர்களை எடுத்து வைத்தாள். "இது நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து இருநூறு மில்லி பீச்சற அளவு. நீ சொன்ன அறுநூறுக்கு, நூத்துல எம்பத்தஞ்சு பங்கு நேரம் தொறந்திருக்கும். மீதி பதினஞ்சு என் பயத்துக்கு. அதுல கை வெச்சுடாதே, எஃப்ராயின்."

"தோன்யா, உங்க பயத்துக்குத் தனியா ஒரு டாங்கே வெக்கலாமே!" என்று சிரித்தேன்; தோன்யா என்றால் எங்கள் ஊரில் அம்மணி. வீத்தோ சிரிக்கவில்லை.

சலினாஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பந்தயம், நேர்ச்சாலையில் இரண்டிரண்டு காராக. காரை ஓட்டுவது என் மகள் யாரெலிஸ். இருபத்துமூன்று வயது. வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிறானால் என் காரில். காலை ஓட்டத்தில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். மதியம் பாப்போவோடு இறுதிப் போட்டி. அதற்காக முழு அழுத்தத்தையும் திறந்துவிட்டேன். வரிசையில் நிற்கும்போதுதான் காலை ஓட்டத்தின் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன்.

இஞ்செக்டர் திறந்திருந்த நேரம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அழுத்தத்தைக் குறைத்து ஓடிய ஓட்டத்திலேயே தொண்ணூற்றெட்டு. அடுத்த ஓட்டத்தில் அது எங்கே போய் நிற்கும்? யாரெலிஸ் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஆசீர்வாதம், அப்பா" என்றாள்.

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கடைக்குப் போனாலும் இதைக் கேட்காமல் படி இறங்க மாட்டார்கள். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் என்று பதில் சொல்ல வேண்டும். ஆயிரம் முறை சொன்ன பதில். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எவ்வளவு பொய்யை வேண்டுமானாலும் தாங்கும் என் நாக்கு, அதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டது. அவள் ஒரு கணம் பார்த்தாள். நேரமாகிவிட்டது என்று பந்தயத்தை நடத்தும் ஆள் கையசைக்கவே, கண்ணாடியை இறக்கிக்கொண்டு காரை நகர்த்தினாள்.

போனை எடுத்து நெரெய்தாவைக் கூப்பிட்டேன்.

"தோன்யா, அந்த ரெண்டாயிரத்து இருநூறு... கடைசியா எவ்வளவு தாங்கும்?"

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "எவ்வளவு பொய் சொன்னே?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எத்தனை? ஒரே இரைச்சலா இருக்கு. சத்தமா சொல்லு!"

இரண்டு எட்டு தள்ளி, தன் காரை ஓட்ட வேறொருவனை அனுப்பிவிட்டு, தன் அணியின் லாரியில் சாய்ந்து வறுத்த பலகாரம் தின்றுகொண்டிருந்தான் பாப்போ. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். மூன்று வருஷமாக அவனிடமிருந்து நான் மறைத்து வைத்த எண் அது.

"எழுநூத்தி அறுபது!" என்று கத்தினேன்.

பாப்போ விசிலடித்தான். "அடேங்கப்பா! மச்சான், உன்னையப் போயி சாதுன்னு நெனச்சேனே!"

போனில் நெரெய்தா மூச்சுவிடும் நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். "நூத்தி ஏழு வருது. நூத்துக்கு மேல தொறக்க அதுல ஒண்ணுமே இல்லையே. யாரு ஓட்டறது?"

"என் பொண்ணு."

அவள் அலறினாள். அந்த அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வேலி ஓரத்தில் அன்றைக்கு அலறியிருக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள் போல. பிறகு ஒரே சொல்: "ஓடு!"

யாரெலிஸ் டயரைச் சூடாக்கிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தாள். நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள், அது கிழிந்தது. புகைக்குள் புகுந்து காரின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். கார் என் முழங்காலை இடித்து நின்றது. பாப்போவின் கார் தனியாக ஓடி ஜெயித்தது. அவன் கூட்டம் சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டிருக்கும்.

"அப்பா, உனக்குப் பைத்தியமா? நசுங்கியிருப்பியே!" என்று இறங்கி வந்து கத்தினாள் யாரெலிஸ்.

நான் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். முதல் இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதன் வெள்ளைப் பீங்கானில் உப்புத் தூவியது போல வெள்ளிப் பொட்டுகள். உருகித் தெறித்த பிஸ்டனின் துணுக்குகள் அவை. காலையிலேயே ஆரம்பித்திருக்கிறது. அதை மகளிடம் நீட்டினேன்.

யாரெலிஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெஜமா எத்தனை குதிரைப்பா?"

"எழுநூத்தி அறுபது."

"என்கிட்டயும் அறுநூறுன்னுதானே சொன்னே?"

ஆமாம். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவளிடமும் அதே எண்ணைத்தான் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறங்கும்போது, பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஆசீர்வாதம் கேட்காமல் போனாள்.

மறுநாள் நான் நெரெய்தா வீட்டுக்குப் போனபோது யாரெலிஸும் கூட வந்தாள். நெரெய்தா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. தட்டில் இரண்டாயிரத்து எண்ணூறு அளவில் நாலு இஞ்செக்டர்கள் தயாராக இருந்தன. எண் தெரிந்த பிறகும் வீத்தோ பக்கம் தலையை ஆட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்தேன். "எழுநூத்தி அறுபது."

வீத்தோ விடவில்லை. என் மகளைப் பார்த்து, "இன்னைக்கு நெஜந்தாம்மா. கை நடுங்குது பாரு" என்றான். பிறகு என்னிடம் திரும்பி, "நான் அன்னைக்கு நெரெய்தாகிட்ட சொன்னப்போ என் கை நடுங்கவே இல்லடா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

யாரெலிஸ் தட்டிலிருந்த இஞ்செக்டர்களை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஆசீர்வாதம், அப்பா."

"கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும்" என்றேன்.

நாங்கள் கிளம்பினோம். யாரெலிஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள். நெரெய்தா சிரிக்கவும் இல்லை, பதிலுக்கு ஆட்டவும் இல்லை. வாசல்வரை ஓடி வந்து கத்தினாள்.

"கையை உள்ள வைம்மா!"