தூணில் நிற்கும் நான்கு எழுத்துகள்

மாட்டுத்தோல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் தடவியே தரம் சொல்வதில் பாலாற்றின் இரு கரையிலும் எனக்கு நிகர் இல்லை. தோலைத் தரம் பிரிக்கும் நம் சார்ட்டிங் ஹால் நண்பர்களுக்கு அது தெரியும். அப்போது போன் வந்தது. தேவசகாயத்தின் மனைவி ஜெயா. "அண்ணே, அவரு போய்ட்டாருண்ணே" என்றது. கையிலிருந்த தோல் எந்தத் தரம் என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

தேவசகாயம் நம் கம்பெனியில் சரக்கு அனுப்பும் கிளார்க். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், இங்கிலீஷ் அவனுக்குக் குழாய்த் தண்ணீர். நான் கலவை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அந்த எட்டை நான் படித்தது போல் எவனும் படித்திருக்க மாட்டான். எங்கள் இருவருக்கும் டீ நேரத்தில் ஒரு விளையாட்டு. காலையில் வரும் முதல் தோல்கட்டின் மேல் என்ன இங்கிலீஷ் எழுத்துகள் அடித்திருக்கிறார்களோ, அவற்றை அவன் ஹாலில் உள்ள பச்சைத் தூணில் சாக்பீஸால் எழுதுவான். அத்தனை எழுத்தும் உள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்தால் அழிக்கலாம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து "இல்லை" என்று சொல்லி அழிக்க வேண்டும். ஒருவன் மட்டும் சொன்னால் செல்லாது. "எழுத்து நம்ம இஷ்டத்துக்கு வராது கஜா. வந்ததை வெச்சிக்கினுதான் தேடணும்" என்பான்.

முதல் நாள் எஃப், எல், ஓ வந்தது. அவன் கண்ணை மூடி யோசிக்கும்போதே நான் "பஃபலோ!" என்று கத்தினேன். ஹால் முழுக்கக் கைதட்டல். தோல் வாங்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். அவர் வந்தது அடுத்த வாரம் என்று தேவசகாயம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். வாரக்கணக்கை விடுங்கள், குலுக்கியது உண்மை.

இன்னொரு நாள் டபிள்யூ, எல், ஈ. நான் மேசையில் சாய்ந்தபடி "வெட் ப்ளூ" என்றேன். குரோம் போட்டு நீலமாக, ஈரமாக வரும் தோலுக்கு நாம் சொல்லும் பெயர்.

"அது ரெண்டு வார்த்தை, செல்லாது."

"கம்பெனியில ஒண்ணாத்தானேய்யா சொல்றோம்?"

"கம்பெனியில உன்னை மேஸ்திரின்னுகூடச் சொல்றாங்க. யோவ், எதை ஊனிக்கினு உக்காந்துகினு கீற? எல்போ! அது வாயில வரல, வெட் ப்ளூ வருதாம்."

நான் முழங்கையை எடுத்துக்கொண்டேன். அவன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

ஆபரேஷனுக்காக அவன் ஆஸ்பத்திரியில் சேரவிருந்த நாளுக்கு முந்தின நாள் வந்தவைதான் ஜே, க்யூ, எக்ஸ், வி. அவன் வெகுநேரம் தூணையே பார்த்தான். முகம் வாடியிருந்தது. "இதுல இல்லப்பா. ரெண்டு பேரும் சொல்லி அழிச்சிடலாம். பாக்கி வெச்சிட்டுப் போக வேணாம்" என்றான்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "இருக்குது. எனக்குத் தெரியும்" என்றேன்.

"நிஜமாவா? இன்னா வார்த்தை?"

"நீ நல்லாகித் திரும்பி வா. இந்தத் தூண்கிட்ட நின்னு சொல்றேன்."

அவன் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். எனக்கு எந்த வார்த்தையும் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு போன் செய்வான். குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. "முதல் எழுத்தாவது சொல்லேன்" என்பான். "வந்து கேளு" என்பேன். உண்மையைச் சொன்னால் திரும்பி வரும் எண்ணத்தையே அவன் விட்டுவிடுவானோ என்று பயம். அதை அவனைக் காக்கும் சாமர்த்தியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு ஆம்பூரே திரண்டது. நான் கூட்டிச் சொல்லவில்லை. எல்லாரும் கலைந்த பின் ஜெயா ஒரு காகிதக்கட்டைக் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் உறைகள். அவற்றின் பின்பக்கமெல்லாம் அந்த நான்கு எழுத்துகளே, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி, இடையில் வேறு எழுத்துகளைச் சொருகி. கடைசிச் சீட்டில் தமிழில் ஒரே வரி: கஜாவுக்குத் தெரியும்.

"அந்த வார்த்தை இன்னாண்ணே?" என்று ஜெயா கேட்டது.

"சொல்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த எழுத்துகள் என்னை விடுவதில்லை. லாரியின் நம்பர் பலகையில் ஒன்று போகிறது, மருந்துக்கடைப் பெயரில் ஒன்று நிற்கிறது. டீ மணி அடித்ததும் முதுகுக்குப் பின்னால் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்கிறது, திரும்பினால் தூண்தான். ஹாலைப் பெருக்கும் மும்தாஜ் ஈரத்துணியோடு வந்து, "தொடச்சிடட்டாண்ணே? பழசாயிடுச்சே" என்றாள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் பயந்துபோனாள்.

ஜெயா, நான் எழுதும் இதை நீயும் படிப்பாய். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன், போனில் தேடச் சொல்லியும் பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தை இல்லை. உன் புருஷன் சொன்னதே சரி. எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அவன் கடைசி வரைக்கும் தேடினான்.

அவன் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸை நீ என்னிடம் கொடுத்தாய். சுண்டுவிரல் நகமளவுதான் மிச்சம். அது என்னிடம் இருக்கிறது. தூணில் அந்த நான்கு எழுத்துகளும் இருக்கின்றன. தினமும் டீ நேரத்தில் அவற்றின் எதிரே நின்று "இல்லை" என்று சொல்கிறேன், வாய்விட்டு, ஹாலுக்கே கேட்கும்படி. சொல்லிவிட்டு, அவனும் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு அழிக்காமல் வந்துவிடுகிறேன்.