மடைப்பள்ளிக்கு அடித்த கத்தி

நல்லூர்த் திருவிழாவுக்கு வவுனியாவிலிருந்து போய் நின்றபோது, என் வீட்டுக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். சாவகச்சேரியில் ஒரு பட்டறையில், ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே நாளில் கத்தி செய்யப் பழக்குகிறார்களாம். எனக்கு உடனே எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளி ஞாபகம் வந்தது. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட அங்கே ஒரு நல்ல கத்தி கிடையாது. என் கையாலேயே ஒன்று செய்து கொடுப்பதென்று நேர்ந்துகொண்டேன்.

பட்டறையில் பழக்கினவனுக்கு முப்பது வயதிருக்கும். காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன்.

"இது கோயில் கத்தி, தம்பி. மீன் இறைச்சி ஒண்டும் படக்கூடாது."

"ஓம் அம்மா, ஓம்" என்று தலையை ஆட்டினான்.

லொறி வில்லுத்தகட்டு இரும்புத் துண்டை உலையில் பழுக்கவைத்து, குறட்டால் பிடித்துத் தந்தான். நான் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிள்ளையாரே என்றேன். உள்ளங்கை கொப்புளித்துப் போயிற்று. மத்தியானத்துக்குள் பிடியும் போட்டுக் கூரும் தீட்டியாயிற்று.

"தாங்கோ அம்மா, கூர் பாப்பம்" என்று வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனான். அங்கே சமையல் நடந்துகொண்டிருந்தது. கை கழுவிவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், பலகையில் கோழித்தொடை இரண்டு துண்டாகக் கிடக்கிறது. என் கத்தியில் இரத்தம்.

"பாத்தீங்களோ? எலும்பு வாழைத்தண்டு மாதிரிப் போகுது!"

"அட பாவி! காலமை உனக்கு என்ன சொன்னனான்?"

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ... எல்லாற்றை கத்தியையும் இப்பிடித்தானம்மா பாக்கிறது. கை பழகிப் போச்சு. சுடுதண்ணியிலை கழுவித் தாறன்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்தார். "இஞ்சரும், இரும்பு சைவமோ? மற்ற நாளிலை நீரும் மீன் சாப்பிடுறனீர்தானே!"

"என்ரை வயித்தைப் பற்றி ஆர் கதைச்சது? நான் பிள்ளையாரின்ரை மடைப்பள்ளியைப் பற்றிக் கதைக்கிறன்!"

"திரும்ப நெருப்பிலை போட்டால் தீட்டுப் போயிடுமம்மா" என்றான் தம்பி.

"இரும்பிலையிருந்து போகும். என்ரை மனசிலையிருந்து போகாது. புது இரும்பு எடு."

"வகுப்பு முடிஞ்சுதே. உலைக்குக் காத்தடிக்கிற சக்கரம் சுத்திற ஆளும் வீட்டை போயிட்டுது."

"ஆளோ? இந்தா நிக்கிறார்" என்று இவரைக் காட்டினேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"இஞ்சரும், பஸ் போயிடும்..."

"போகட்டும். சுத்துங்கோ."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். வியர்வை ஒழுகியது. நான் பாவம் பார்க்கவில்லை. கொப்புளம் உடைந்த கையோடு அடித்தேன். கோபத்தில் அடித்ததால் அலகு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. நிமிர்த்தித் தருகிறேன் என்று தம்பி கையை நீட்டினான்.

"தொடாதை!"

அந்தக் கோணல் கத்தியால்தான் இப்போது எங்கள் கோயிலில் பூசணிக்காய் வெட்டுகிறார்கள். தம்பியை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவனுக்கு மறதி, அவ்வளவுதான். இவர் சிரித்தாரே, அதை நினைத்தால் கோயில் வாசலில் நின்றாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.