வாய் பேசாத பிள்ளை

வெள்ளவத்தையில் தண்டவாளத்தை ஒட்டிய கடற்கரை வீதியில் காலை நடை. முன்னால் போன சிறுமி மின்கம்பியைக் காட்டி, "அப்பா, மீன்கொத்தி!" என்று கத்தினாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று நான் சட்டெனத் திரும்பிப் பார்த்தேன்.

எண்பத்து மூன்றில் தமிழரைத் தேடி அடித்த கலவரத்துக்குப் பிந்திய காலத்தில் அப்பாவும் என்னை இந்தத் தண்டவாள ஓரத்தால்தான் கூட்டிவருவார். வெளிக்கிட முதல் வீட்டுப் படலையடியில் நின்று, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து எங்கள் நெற்றித் திருநீற்றைத் துடைப்பார்.

"வெளியில வாய் திறக்கப்படாது, பிள்ளை."

மீன்கொத்தியையும் கொக்கையும் விரலால் மட்டும் காட்டுவார். நான் தலையாட்டுவேன். வேலை செய்த கந்தோரில் பழகிய சிங்களம் அவருக்கு இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான்.

நாயோடு நடக்க வரும் பெரியவர் ஒருநாள் என் கன்னத்தைத் தட்டி, சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பா சிரித்தபடி பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பிள்ளைக்குப் பேச வராதோ எண்டு கேட்டார். ஓம், பிறவியிலேயே எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெரியவர் இரக்கப்பட்டுத் தினமும் எனக்கொரு பிஸ்கட் தந்தார். அதையும் வாய் திறக்காமல் வாங்கினேன்.

"மெல்லக் கதை, பிள்ளை." இப்போது அந்தச் சிறுமியிடம் என் வாய்தான் சொன்னது.

அவளுடைய தகப்பன் திரும்பினான்.

"ஏன் அன்ரி?"

நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.