எங்கள் ஊர் ஸ்டேஷனும் வடக்குச் சூலமும்

விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவே எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் ரயில் நின்றது என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஜெர்மன் சண்டைக்கு முந்தி, எங்கள் மாமா ஊராரிடம் கைநாட்டு வாங்கி மகஜர் அனுப்பிக் கொண்டுவந்த ஸ்டேஷன் அது. ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். காலையில் வடக்கே திண்டிவனம் போகும் வண்டியும் மாலையில் திரும்பும் வண்டியும் நிற்கும்.

அந்த மாலை வண்டியில்தான், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா மாதம் ஒருமுறை வந்து இறங்குவாள். நாலு நாள் என்று வந்து எட்டு நாள் இருப்பாள். கிளம்பச் சொன்னால், "இன்னிக்கு வடக்கே சூலமாச்சேம்மா" என்பாள். செவ்வாயும் புதனும் வடக்கே பயணம் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. அக்காவுக்கு மட்டும் வியாழக்கிழமையும் சூலம். எனக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

அப்படி அவள் வந்து மூன்றே நாளாகியிருந்த ஒரு திங்கட்கிழமை, மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். காலை வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க மறுநாள் ரயில்வே துரை வருகிறாராம். ஆளில்லாவிட்டால் ஸ்டேஷனை மூடிவிடுவார்களாம். வெள்ளைக்காரருக்குச் செவ்வாய் ஏது, சூலம் ஏது? மாமா வீடு வீடாகப் போய், "ஒரு வாய் பால் குடிச்சிட்டு ஏறுங்க, தோஷமில்லீங்க" என்று கெஞ்சினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் கொட்டகை கொள்ளாத கூட்டம். சலவை வேட்டி என்ன, தலை நிறையப் பூ என்ன! வண்டி வந்து நின்றது. ஒருவரும் அசையவில்லை.

"ஏறுங்கய்யா, ஜல்தி!" என்று மாமா கத்தினார்.

"தொரைய பாத்துக்கினு போலாம்னு வந்தோம். சூலத்துல எவன் ஏறுவான்?" என்றார் ஒரு பெரியவர்.

துரை நோட்டை மூடப்போனார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள், கையில் துணிமூட்டையோடு. பால்கூடக் குடிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"போ! இனிமே எங்க ஊட்டுக்கு வராத!" என்று அழுதேன்.

"வர்றதுக்குத்தாண்டி போறேன்" என்று சொல்லி ஏறிவிட்டாள்.

ஒற்றை ஆளுக்காக யார் ஸ்டேஷன் வைப்பார்கள்? அடுத்த மாதமே கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். வண்டி நிற்காத ஊருக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அக்காவின் புகுந்த வீட்டார் கைவிரித்துவிட்டார்கள். சூலத்தைக்கூடப் பார்க்காமல் ஓடினாளே, புருஷன்மேல் அத்தனை ஆசையா என்று வெகுகாலம் அவள்மேல் கோபமாகவே இருந்தேன். பிறகு எனக்கும் கலியாணமாயிற்று. அம்மா வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று முதன்முதலாகக் கேட்டபோது, "இப்ப எதுக்கு?" என்றார் மாமியார். "வர்றதுக்குத்தாண்டி போறேன்" என்று அக்கா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.